மூணு பேருக்கும் டை ரெடி

என் பெயர் முஜாஹித், வயது 36, தகப்பனார் பெயர் சர்தார் பாஷா. ஆம்பூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மனைவி குர்ஷித், இரண்டு பெண் பிள்ளைகளுடன் குடியிருக்கிறேன். தனியார் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசராகப் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை.

06.01.2025 திங்கட்கிழமை மதியம் சுமார் 1.10 மணிக்குக் கம்பெனி கேன்டீனில், இனி ஏலகிரிக்குப் போவதில்லை என்று ஏகமனதாக முடிவெடுக்கப்பட்டது. முன்மொழிந்தவர் என் பிரிவில் தோல் வெட்டும் தபரேஸ். வழிமொழிந்தவர் தையல் பிரிவு கார்முகிலன். நான் எதிர்க்கவில்லை. ஒன்பது முறை ஏலகிரிக்குப் போய் ஒன்பது முறையும் அதே ஏரியில் அதே படகை மிதித்திருக்கிறோம். அதன் பிறகு தபரேஸ் தன் போனில் அந்தமானின் வடகோடியில் ஒரு தீவையும் அதில் ஒரு மலையையும் காட்டினார். மேலே ஏறினால் சிக்னல் கிடைக்காது என்று போட்டிருந்தது. சூப்பர்வைசர் என்ற முறையில் எனக்கு அந்த வரி பிடித்திருந்தது.

அதன் பிறகு பிப்ரவரியில் போவதென்று முடிவு செய்து, 'தீவு மலை' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, டார்ச், கயிறு, மூன்று கிலோ உப்பு ஆகியவற்றை வாங்கி ஒரே பையில் என் வீட்டில் வைத்தோம். அந்த மலையில் சேறும் அட்டைப்பூச்சியும் அதிகம் என்பதால் கணுக்காலுக்கு மேல் ஏறும் ஷூ தேவைப்பட்டது. கடையில் வாங்கக் கார்முகிலன் சம்மதிக்கவில்லை. "ஆம்பூர்க்காரன் கடையில ஷூ வாங்குனான்னு தெரிஞ்சா சிரிப்பாங்க பாய்" என்றார். அதன் பிறகு மேனேஜரிடம் அனுமதிச் சீட்டு பெற்று, கழித்துப் போட்ட தோலில் நாங்களே செய்துகொள்வது என்று முடிவானது.

தோலை அளவாக வெட்டும் இரும்பு அச்சுக்கு எங்கள் கம்பெனியில் டை என்று பெயர். தைத்த தோலை இழுத்துப் பொருத்தும் கால் வடிவக் கட்டைக்கு லாஸ்ட் என்று பெயர். 23.01.2025 வியாழக்கிழமை காலை 11.20 மணிக்கு இவை தயாரானதும், கார்முகிலனுக்குத் தெரிவிக்க, தபரேஸின் போனிலிருந்து ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி போனது. "மூணு பேருக்கும் டை ரெடி. லாஸ்ட் வந்துடுச்சி. சனிக்கெழம முடிச்சிடலாம்." டை என்பதற்கும் சாவு என்பதற்கும் ஆங்கிலத்தில் எழுத்துகள் ஒன்றே என்பது எங்கள் நினைவில் இல்லை. அதே நேரத்தில், சனிக்கிழமை குடியரசு தின ஒத்திகைக்குப் பிள்ளைகள் வெள்ளை உடையில் வரவேண்டும் என்று தபரேஸின் மகள் ஜோயாவின் பள்ளியிலிருந்து பெற்றோர் குழுவுக்குச் செய்தி வந்ததால், அந்தக் குழு போனில் மேலே ஏறியிருந்தது. எங்கள் செய்தி அதில் போய்விட்டது.

முதலில் ஒரு பெற்றோர் கட்டைவிரல் போட்டார். அதன் பிறகு யாரும் எதுவும் போடவில்லை. மதியம் 2 மணிக்குக் கம்பெனி வாசலில் தபரேஸைப் போலீசார் ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றதை நான் எடுத்துவைத்தேன். அன்று மாலை எங்கள் குழுவின் பெயரை 'ஏலகிரி' என்று மாற்றினேன். அது இன்னும் சந்தேகமாகத் தெரிந்ததால் பழைய பெயருக்கே மாற்றினேன்.

இன்று 24.01.2025 காலை 9 மணிக்கு என் வீட்டுக்குப் போலீசார் வந்தார்கள். பையை என் சின்னப் பெண்தான் தூக்கிவந்து கொடுத்தாள். நிலையத்தில் ஆய்வாளர் உப்பு எதற்கு என்று கேட்டார். அட்டைக்கு என்றேன். "எந்த அட்டைக்கி? ஆதார் அட்டைக்கா?" என்றார். அதன் பிறகு, "லாஸ்ட்னா கடைசிதான? கடைசியா இன்னா பண்றதா இருந்தீங்க?" என்றார்.

"இல்ல சார், லாஸ்ட்தான் மொதல்ல வேணும்" என்றேன். ஆய்வாளர் பேனாவை மூடிவைத்தார்.

இதை எழுதிக்கொண்டிருந்த தலைமைக் காவலர் கலையரசி, "சார், எங்க அக்கா ஷூ கம்பெனியிலதான் கீறாங்க. டைன்னா அச்சு சார்" என்றார். "நீ எழுதும்மா" என்றார் ஆய்வாளர். அவர் அதையும் எழுதினார்.

அதன் பிறகு ஆய்வாளர், "அச்சோ கிச்சோ, மேலருந்து கேக்கறாங்க. இது யாரோட வார்த்தைன்னு மட்டும் சொல்லு பாய். அந்த ஆளு ஞாயித்துக்கெழம கொடியேத்தி முடியற வரிக்கும் இங்க இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம். இன்னொருத்தன் போலாம்" என்றார். தபரேஸ் நேற்றிலிருந்து தன்னுடைய வார்த்தை என்றே சொல்லிவருவதாகவும் தெரிவித்தார். உள்ளறையில் தபரேஸ் இருமுவது கேட்டது. எனக்கு வைத்த டீயில் ஆடை படிந்தது.

அதன் பிறகு சொன்னதாவது: வியாழக்கிழமை என் கையில் மெஷின் எண்ணெய் இருந்தது. அதனால் தபரேஸைத் தட்டச் சொன்னேன். மூன்று வரியும் நான் சொன்னவை. தபரேஸ் கடைசி வரியில் "தச்சிடலாம்னு போடட்டுமா பாய்?" என்று கேட்டார். நான்தான் முடிச்சிடலாம் என்றே போடச் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை. டை வரும் இடங்களில் எல்லாம் பக்கத்தில் அச்சு என்று எழுதச் சொன்னேன். இடம் இல்லை என்றார்கள்.

(ஒப்பம்) முஜாஹித்

குறிப்பு: மாலை 5.40 மணிக்குத் தபரேஸ் அவரது மனைவி தில்ஷாத்துடன் அனுப்பிவைக்கப்பட்டார். ஒரு காலில் செருப்பு இல்லை. முஜாஹித் நிலையத்தில் இருக்கிறார்.