கடைசி உருப்படி

நேரில் கேட்காத குழுவின் சிடியை நான் வாங்குவதில்லை சார். அது கால் வைக்காத ஓட்டலுக்கு நல்ல பேர் சொல்வது மாதிரி. முதலில் கச்சேரி, பிடித்திருந்தால் வெளியே போட்டிருக்கும் மேசையில் சிடி. இதுதான் என் வழக்கம்.

நான் தேடிப்போகும் குழுக்கள் எல்லாம் கொஞ்சம் ஏடாகூடமானவை. தையல் மெஷினை மிதித்துத் தாளம் போடுகிறவர்கள், தண்ணீர்க் குழாயை ஊதுகிறவர்கள், பாட்டு முழுவதையும் பல்லைக் கடித்தபடியே பாடும் ஒரு அம்மாள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கண்ணாடி தேய்க்கிறவனுக்கு மாலையில் காதுக்கு இப்படி ஏதாவது வேண்டியிருக்கிறது. குடி, சீட்டு என்று ஒரு கெட்ட பழக்கமும் எனக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்ததே என் மனைவிதான். கல்யாணமான புதிதில், ஒரு கூடத்திலிருந்து பாத்திரக்கடை சரிந்து விழுவது போலச் சத்தம் வருகிறதே என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அவளை எனக்குப் பிடிக்கும். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன்.

அவள் வேலை சலவைக் கடையில், இஸ்திரி போடும் பக்கம். நாள் முழுக்க ஆவியும் சோப்பு மருந்தும். நாளடைவில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மருந்து, கஷாயம், வேலையை விடுவது என்று எல்லாவற்றையும் பேசிப் பார்த்துவிட்டோம். வேலையை விட அவளுக்கு மனம் வரவில்லை.

இருமல் யாருக்குத்தான் இல்லை என்பீர்கள். இங்கேதான் வெல்டர் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைவர் தொழிலில் வெல்டர்; மேடையில் இரும்புத் தகடுகள் வாசிப்பார். அவர்கள் வாசித்ததையே திரும்ப வாசிப்பதில்லை. அன்றைய கச்சேரியை அப்படியே பதிவு செய்து, முடிந்த கையோடு அங்கேயே சிடி போட்டு, சூடு ஆறாமல் கொடுப்பார்கள். ஆளுக்கொன்றுகூடத் தேறாது. அவர்களுடைய கச்சேரிகளில் நான் தவறவிட்டது எதுவும் இல்லை. அந்த சிடிகள் ஒவ்வொன்றிலும் என் மனைவியின் இருமல் இருக்கிறது. அதுவும் எல்லாம் அடங்கி ஒரே ஒரு கம்பி மட்டும் அதிரும் இடமாகப் பார்த்து இருமியிருப்பாள். அடுத்த தடவை நீ வீட்டிலேயே இரு என்று பக்குவமாகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அவர்கள் வாசிக்கும் கூடம் ஒரு பழைய காகிதக் கிடங்கு. ஓரத்தில் சின்ன அறை, இரும்புக் கதவு. அதற்குள் ஒரு பெட்ரோல் மோட்டார் இருக்கும். கடைசி உருப்படிக்கு மேடையிலிருந்தே பொத்தானை அழுத்தி ஓட விடுவார்கள். சுவர் வழியாக வருகிற உறுமல்தான் அவர்களுக்குச் சுருதி. புகை போக ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவின் ஹாரன் சத்தமும் உள்ளே வந்து பதிவில் விழும். நீங்கள் கேட்கிற அந்தக் கச்சேரியன்று சீக்கிரமே போய், ஒரு பழைய மெத்தையை அந்த ஜன்னலில் இறுக்கி அடைத்தேன். வெல்டரிடம் சொல்லவில்லை. நல்லது செய்வதைத் தம்பட்டம் அடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

பாதிக் கச்சேரியில் அவளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போவதென்றால் மேடையைத் தாண்ட வேண்டும். நான் அவளைக் கையைப் பிடித்து அந்த அறைக்குக் கூட்டிப்போனேன்.

"இங்க மோட்டார் ஓடுமேங்க?" என்றாள்.

"அது கடைசியில. அதுக்குள்ள நான் வந்து திறக்கிறேன். நீ நல்லா இருமிக்கோ."

சிரித்தாள். நான் சொன்னால் நம்புவாள். அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டு கிறீச்சிடும் ரகம். அதனால் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிறகு நான் கேட்டது போல ஒரு வாசிப்பை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒரு இருமல் இல்லை, ஒரு ஹாரன் இல்லை. வெல்டர் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனபோது எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், எழுந்தால் முனகும். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடம் கழியட்டும் என்று இருந்தேன். அடுத்த இடம் அதைவிட நன்றாக இருந்தது.

மோட்டார் ஓடிக் கொஞ்ச நேரத்தில் இரும்புக் கதவில் தட்டும் சத்தம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு கச்சேரியாக இருந்தால் ஓடிப்போய்த் திறந்திருப்பார்கள். தகரமும் மோட்டாரும் வாசிக்கிற இடத்தில் கதவு தட்டுவதும் வாசிப்புதான். முன்வரிசையில் தலையாட்டினார்கள். வெல்டர் தன் ஆட்களில் ஒருவர்தான் தட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டு, அதற்குத் தகட்டில் பதில் கொடுத்தார். தட்டல் வேகமானது, அவரும் வேகமானார். பிறகு அது தளர்ந்தது, இடம் விட்டு விட்டு வந்தது. அவரும் கூடவே தணிந்து அழகாக முடித்தார். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

நீங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் கேட்கிறீர்கள். தட்டியது அவள் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். உள்ளேயிருந்து அவள் இரண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் விட்டு, உள்ளங்கையால் ஒன்று அடிப்பாள். முதல் தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலில் மெத்தை இருப்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். இதைச் சொல்லத் தயங்க என்ன இருக்கிறது?

கைதட்டல் முடிந்ததும் நான் அந்தக் கதவுக்குப் போகவில்லை. மேசைக்குப் போனேன். சிடி கொஞ்சம்தான், வரிசையோ வாசல்வரை நின்றது. எனக்கு முன்னால் எப்போதும் வருகிற தபால்காரர். திரும்பிப் பார்த்து, "என்ன, வீட்ல வரலையா இன்னைக்கு?" என்று விசாரித்தார்.

"வந்திருக்கா. உள்ளதான் இருக்கா" என்றேன்.

அவரிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.