பேரு மட்டும் கேக்காதீங்க

இல்ல சார், பேரு மட்டும் கேக்காதீங்க. மத்தது எது வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன். எத்தனை பயலுக வர்றாங்க, என்னத்தக் குடிக்கறாங்க, கஞ்சா எந்தப் பக்கத்துலருந்து வருது, எல்லாம் சொல்றேன். நீங்க புதுசா வந்த டாக்டரு, நல்ல எண்ணத்தோடதான் வந்திருக்கீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா பேரு கெடைக்காது. டீ ஆறிப்போவுது, குடிங்க. பொன்னம்மா கடை டீ. போர்ட் பிளேர்ல இந்த ஜங்லிகாட் பக்கம் இதை விட்டா வேற நல்ல டீ கெடையாது.

என்னப் பத்தி ஆபீஸ்ல என்ன சொல்லி அனுப்புனாங்க? குழந்தைவேலுன்னு ஒருத்தன் இருக்கான், குடிகாரப் பயலுகளத் திருத்தறவன்னா? அச்சா. திருத்தவும் இல்ல, கிருத்தவும் இல்ல சார். நானே குடிகாரன். ஒம்பது வருசமாக் குடிக்காம இருக்கற குடிகாரன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இடது கண்ணு பாதிதான் தெரியும். வொர்க்‌ஷாப்ல மரத்துக்குப் பாலீஷ் போட ஸ்பிரிட்டு வரும்ல, அதைக் குடிச்சதுக்குக் கெடைச்ச கூலி. என்கூடக் குடிச்சவன் மறுநாள் எந்திரிக்கவே இல்ல. நான் எந்திரிச்சேன், இந்தா உங்க முன்னாடி உக்காந்திருக்கேன்.

என்ன வைத்தியமா? வைத்தியமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஞாயித்துக்கெழமை காலைல கப்பல் ஜெட்டிக்குப் பின்னாடி ஷெட்டுல உக்காருவோம். விட்டவனும் வருவான், விடாதவனும் வருவான். குடிச்சிட்டு வந்தாலும் உக்காரலாம், வாந்தி எடுத்தா அவனே கழுவிடணும். புத்தி சொல்ற வேலை அங்க கெடையாது. நான் எப்படிக் கெட்டேன்னு நான் சொல்லுவேன், அவன் எப்படிக் கெட்டான்னு அவன் சொல்லுவான். கையி நடுங்குற பயலுக்குப் பக்கத்துல, முன்ன நடுங்குனவன் ஒருத்தன் உக்காந்திருந்தாப் பாதி தைரியம் வந்துரும். அங்க பேசுனது அந்த ஷெட்டைத் தாண்டக் கூடாது. இது ஒண்ணுதான் சட்டம்.

கப்பல் வர்ற அன்னிக்குத்தான் ரொம்பத் தொல்லை. மெட்ராஸ் கப்பல்ல தபால் வரும். வீட்டுலருந்து லெட்டர் வரலன்னா அந்த வெசனத்துல குடிப்பான். வந்துச்சுன்னா அதைப் படிச்சிட்டுக் குடிப்பான். அதனால கப்பல் அன்னிக்கு நாங்க நாலஞ்சு பேரு தபாலாபீஸ் வாசல்லயே நின்னுக்குவோம். லெட்டர் வாங்கினவனையும் வாங்காதவனையும் ஒண்ணாக் கூட்டிக்கிட்டு வந்து இதே பெஞ்சுல உக்கார வைப்போம். வந்தவன் லெட்டர எல்லாரும் சேந்து படிப்போம். அடுத்தவன் ஆத்தா எழுதுனதுன்னாலும் கேக்க நல்லாத்தானே இருக்கும்.

என்ன சார், திரும்பவும் அதையே கேக்கறீங்க. பேரு இல்லாம மருந்து வராதா? யாரு சொன்னா? ஆமா, சொல்லுவாங்க. இதையேதான் அவரும் சொன்னாரு.

உங்களுக்கு முன்னாடி ஒரு ஆபீசர் இருந்தாரு. எழுபத்திமூணுல. மெதுவாப் பேசுவாரு, மஜ்தூரு, கூலி ஆளுங்களக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாரு. இங்கதான் உக்காந்தாரு, ரெண்டு டீ குடிச்சாரு. மெட்ராஸ்லருந்து ஊசி மருந்து வருது, ஆஸ்பத்திரியில தனியாக் கட்டில் போடறோம், பேரு, வயசு, எத்தனை நாளாக் குடிக்கறான், அது மட்டும் இருந்தாப் போதும்னாரு. விட்டவன் பேரும் வேணும், அவனுக்குத் திரும்ப ஆசை வராம இருக்க மருந்து இருக்குதுன்னாரு. ஒருத்தன் அதை நம்பி எழுதிக் குடுத்தான். ஏழு பேரு.

மருந்தா? எங்க சார் வந்துச்சு. பத்தாம் நாள் காலைல வொர்க்‌ஷாப் கேட்டுல போலீஸ் நிக்குது. ஏழு பேரையும் ஃபோர்மேன் பேரு சொல்லிக் கூப்பிட்டான். நடத்தை சரியில்ல, தீவுல இருக்கற பெர்மிட் ரத்து, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பறோம்னு ஹிந்தியில ஒருதரம் படிச்சாங்க. பொட்டி எடுக்க ஒரு மணி நேரம் குடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலமே கப்பல். அந்த ஆபீசரும் அடுத்த மாசம் மாத்தலாகிப் போயிட்டாரு. புரமோஷன்னு பேசிக்கிட்டாங்க.

ஆறு பேரு போனது போவட்டும். அவனுகளுக்குச் சிவகங்கை, அருப்புக்கோட்டைன்னு ஏதோ ஒரு ஊரு இருந்துச்சு, அடிச்சாலும் புடிச்சாலும் சோறு போட ஆளு இருந்துச்சு. ஏழாவது பயதான் சார் உதயசூரியன். அவன் பொறந்தது சிலோன்ல, தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்துல. அங்கருந்து வெரட்டி விட்டாங்க. மண்டபம் கேம்ப்புல மூணு மாசம் கெடந்திருக்காங்க, ஆத்தாக்காரி அங்கயே போய்ச் சேந்துட்டா. அப்புறம் கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டு வந்து எறக்குனாங்க. அப்பன் இன்னைக்கும் அங்கதான் பால் எடுக்கறாரு. பய அங்க இருக்கப் புடிக்காம போர்ட் பிளேருக்கு வந்தவன். அவனுக்கு மெயின்லேண்டுல ஏது சார் சொந்த ஊரு? காயிதத்துல மண்டபம்னு போட்டிருந்தாங்க. ஆத்தாளப் பொதச்ச கேம்ப்பு, அது அவனுக்குச் சொந்த ஊராம்.

அதுலயும் பாருங்க, அந்தப் பய குடிய விட்டு நாலு மாசம் ஆயிருந்துச்சு. மொதல் வாரம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, அண்ணே என்னை விட்டுப் போயிராதீங்கன்னு என் வேட்டியப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தான். அதுக்கப்புறம் தொடவே இல்ல. புதுசா வர்ற பயலுகளுக்குப் பக்கத்துல அவன்தான் போய் உக்காருவான். சிலோன் பேச்சுல ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வெச்சிருவான். என்னைவிட அவன் நல்லாச் செஞ்சான், அதை ஒத்துக்கறதுல எனக்கு வெக்கமில்ல.

எழுதிக் குடுத்தவனா? திட்டத்தான் செய்யறேன் சார், தெனம் திட்டறேன். நீங்க சொல்றது சரிதான், அவன் கெட்டவன் இல்ல. காசு வாங்கிக்கிட்டுக் குடுக்கல, பகைக்கும் குடுக்கல. ஆபீசர் தன்னைச் சமமா உக்கார வெச்சுப் பேசுனாரே, அதுலயே சொக்கிப் போயிட்டான். இவ்வளவு நாள் நம்ம குடிகாரன்னு துப்புனாங்களே, இன்னைக்கு நம்மகிட்ட வந்து யோசனை கேக்கறாங்களேன்னு ஒரு மெதப்பு. அந்த மெதப்பும் ஒரு போதைதான் சார். சாராயம் குடிச்சவனாச்சும் தன்னத்தான் கெடுத்துக்கறான்.

உதயனா? ஒரு கார்டு போட்டான், எனக்குத்தான். வேற யாருக்குப் போடுவான்? அப்பனுக்கு எழுத்து தெரியாது. அண்ணே, மெட்ராஸ்ல எறக்கி விட்டுட்டாங்க, மண்டபம் போனேன், நீ யாருன்னு கேட்டு வெரட்டிட்டாங்க, திரும்ப ஹார்பருக்கே வந்துட்டேன், இன்னும் தொடலண்ணேன்னு எழுதியிருந்தான். கீழ ஒரு வரி. என் பேரை யாரு குடுத்தாங்கன்னு மட்டும் விசாரிச்சு எழுதுங்க, கோவத்துக்கு இல்ல, தெரிஞ்சுக்கணும்னு.

நான் எழுதல. கார்டு வாங்குனேன், எழுத வரல. அடுத்த ட்ரிப்புல கப்பல் சமையல்காரர் ஒருத்தர் பாத்திருக்காரு. ஹார்பர் செவுத்தோரம் ஸ்பிரிட்டு குடிச்சிட்டுக் கெடந்தானாம், கூப்பிட்டா ஆளு தெரியலயாம். அதுக்கும் அடுத்த ட்ரிப்புல விசாரிச்சா, மாநகராட்சி பொண வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடுச்சுன்னாங்க. அப்பன்கிட்ட இன்னும் யாரும் சொல்லல. மெட்ராஸ்ல வேலை பாக்கறான்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

ஏன் எழுதலன்னா என்ன சார் எழுதறது? விசாரிச்சேன் தம்பி, நான்தான்னு எழுதவா? ஏழு பேரையும் நம்பர் போட்டு, கோடு கிழிச்சு, நான்தான் எழுதிக் குடுத்தேன். ஷெட்டுல இது ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சா எவன் வந்து பக்கத்துல உக்காருவான்? நீங்க சொல்றதுன்னா சொல்லிக்கங்க, நான் தடுக்கல. மத்த ஆறு பேரு வயசு எனக்குத் தெரியும். எழுதறப்ப உதயன் வயசுதான் தெரியல. இங்க வாடான்னு கூப்பிட்டுக் கேட்டேன். இருபத்தொண்ணுண்ணேன்னான். எதுக்குன்னுகூடக் கேக்கல சார்.