‘எச்சரிக்கை’ என்ற சொல்லுக்கு விடை சொன்ன இமோஜின் ஹார்ட்விக் அவர்களுக்கு

சொல்லின் பொருள் தேடுவதில் சோர்வறியாச் சுடரே! மென்பொருள் காப்புரிமை மேல்முறையீடுகளின் முதல்வரே! மதிய ரொட்டியை மறந்து எங்கள் மனுக்களைத் திருத்திய மாண்பே! வாஷிங்டன் வழக்கறிஞர் இமோஜின் ஹார்ட்விக் அம்மையீர்! ஓய்வுபெறும் உங்களை வணங்கி வழியனுப்ப வந்தோம். வாய் நிறைய வாழ்த்தத்தான் வரவில்லை.

வென்ற வழக்குகளை வரிசையாக வாசிக்க விரும்பினோம். “தோத்த கேஸைச் சொல்லுங்க, இல்லேன்னா கேக்கை வெட்டிட்டு வீட்டுக்குப் போங்க” என்றீர்கள். ஆகவே அதையே சொல்கிறோம்.

ஒஹாயோவின் லியோனார்ட் விட்காம், ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகளைக் கண்டால் செவிலியருக்கு எச்சரிக்கை தரும் மென்பொருளை உருவாக்கிக் காப்புரிமை பெற்றவர். பெரிய நிறுவனமொன்று அதையே செய்தது. அவர்கள் மென்பொருளில் ஒலி இல்லை, திரையில் வரி மட்டும் சிவக்கும். விட்காம் வழக்குத் தொடுத்தார்; நிறம் மாறுவது எச்சரிக்கை ஆகாது என்று கீழ் நீதிமன்றம் கைவிரித்தது. ஆகும் என்று வாதாட நீங்கள் எழுந்தீர்கள்.

அதிலிருந்த ஆபத்தை அனைவரும் அறிந்திருந்தோம். சொல்லின் பொருளை விரித்தால் அந்த நிறுவனம் சிக்கும். ஆனால் விட்காமுக்கு முன்பே வந்த பழைய மென்பொருள் ஒன்றும் அதற்குள் அடங்கிவிடும், அப்புறம் அவர் கண்டுபிடிப்பு புதியதே அல்ல. ஆகவே நாங்களே நீதிபதிகளாக அமர்ந்து நடத்திய ஒத்திகையில், ‘தெரியவில்லை’ என்று நழுவும் பதிலொன்றை உங்களுக்குப் பழக்கினோம்.

நீதிபதி கேட்டே விட்டார்: “வரி சிவந்தாலே எச்சரிக்கைன்னா, பழைய மென்பொருள்ல மருந்துப் பேர் பக்கத்துல நட்சத்திரக் குறி வந்துச்சே, அது என்ன வக்கீலம்மா?”

நேரம் முடியப்போவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பழக்கிய பதில் நாவிலேயே இருந்தது. நீங்களோ, “அதுவும் எச்சரிக்கைதாங்கய்யா” என்றீர்கள். காப்புரிமையே கவிழ்ந்தது.

“தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? என் பொழைப்பே போச்சே!” என்று தாழ்வாரத்தில் கதறினார் விட்காம்.

“தெரியுமே, லியோனார்ட்” என்றீர்கள்.

அன்றுமுதல் நீங்கள் எந்த மன்றத்திலும் வாதாட எழவில்லை. பிறர் வாதங்களைச் செதுக்கிக் கொடுத்தே காலம் கழித்தீர்கள். உங்கள் இடம் வெறுமையாகவே இருந்தது. எங்களுக்கு அது வலித்தது.

இந்த விழாவுக்கு விட்காமைத் தொலைபேசியில் அழைத்தோம். “வரேன். ஆனா கை தட்டமாட்டேன்” என்றார்.

நேர்மையின் நிழலே! நோயின்றி நெடுநாள் வாழ்க! இனியேனும் நிம்மதியாக உறங்குக! இம்மடல் முடிந்ததும் எழும் கரவொலியில் இரண்டு கைகள் சேரா. கடைசி வரிசையைப் பாருங்கள், அம்மையீர், அவரும் வந்திருக்கிறார்.

கலங்கிய கண்களுடன்,
மேல்முறையீட்டுப் பிரிவின் வழக்கறிஞர்களும் பணியாளர்களும்