மறைத்து வைத்த எண்

"கள்ளவேல செஞ்சது நீங்கதான், நானா."

மடவளை பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண், தன்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும், அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் மூத்தவரிடம் சொன்னாள்.

"சும்மா ஒருக்கா பாத்தேன் தங்கச்சி."

"குளிராக்கி அடச்சி வெச்ச அணுவுல மின்னேற்றம் ஒரு பக்கமா சாஞ்சி நிக்கிதான்னு தேடுறோம். ஆசையில விடைய வளச்சிடுவோம்னுதானே அளவுகள்ல ரகசிய எண் ஒன்னக் கலந்து உண்மையான விடைய மறச்சி வெச்சோம்? வேல முடிய முந்தி அதத் தொறந்தீங்களே, பரீட்சை பேப்பர் திருடின மாதிரி!"

"சாஞ்சிதான் ஈக்கிது. ஒலகமே பேசும்."

"அது தெரிஞ்ச பொறகா அதுக்கு ஒத்துவராத அளவுகள வீசினீங்க? என்ட பட்டமும் அதுலதான் ஈக்கிது."

ஆள் வாசலை நோக்கி நெருக்கிப் போனார். பெண் பின்னாலிருந்து கத்தினாள்.

"நாளைக்குக் கூட்டத்துல எல்லார்ட முன்னுக்கும் சொல்லுங்க: அளவுகள வீசினது ரகசிய எண்ணத் தொறக்க முந்தியா, தொறந்த பொறகா?"