பாதி மொட்டையில் வந்த போன்

திருத்தணி மலையில் மொட்டை போடும் வரிசை. எனக்கு முன்னால் ஏழு பேர், கத்தி ஒன்றே ஒன்று. மணையில் இருந்த கரைவேட்டிக்காரருக்குப் பாதித் தலை வழித்தபோது போன் வந்தது. கேட்டதும் தலையைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்கண்ணே! எங்க எம்.எல்.ஏ. மந்திரியானா மொட்டைன்னு வேண்டிக்கினேன். இப்போ ராஜினாமா பண்ணிட்டு எதிர்க்கட்சிக்குப் போயிட்டாராம்."

"மந்திரியா ஆனாரு இல்ல?" என்றார் முடியெடுப்பவர்.

"பதினோரு நாளு. அதுக்குப் பாதி போதும்."

"இது எத்தினியாவது கட்சி நைனா?"

"நாலு."

"அப்போ திரும்பி வந்து மறுபடியும் மந்திரியாவாரு. அந்த மொட்டைக்கு முடி வேணாமா? இப்பவே வழிச்சாத்தான் அதுக்குள்ள வளரும்."

கரைவேட்டிக்காரர் பொத்தியிருந்த கையை எடுத்தார். குனிந்து தலையைக் காட்டினார்.

"ஆங். சீக்கிரம் வழிங்கண்ணே."