பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி

வடிவமைப்பாளர்: “1087 மே 9. இத்தாலியின் பாரி துறைமுகத்தில், இன்றைய துருக்கியின் மைராவிலிருந்து வந்த கப்பல்கள் நங்கூரமிட்டன. அவற்றில் புனித நிக்கோலாஸின் எலும்புகள் இருந்தன.” இதுதானே அண்ணே கட்டுரையோட முதல் வரி?

நிருபர்: அதேதான். அதுல கை வைக்காதே.

வடிவமைப்பாளர்: வைக்கல. ஆனா கிறிஸ்துமஸ் சிறப்புப் பக்கம்... கிறிஸ்துமஸ் தாத்தா கதையை எலும்புல ஆரம்பிச்சா, காலையில காபியோட பேப்பரைப் பிரிக்கிறவங்க கதி என்ன?

நிருபர்: காபி ஆறிப்போகட்டும். கல்லறையை உடைச்சு எடுத்துட்டு வந்த எலும்பு அது. கரையில இறக்கினப்போ ஊரே திரண்டு கும்பிட்டுச்சு. நடந்ததை எழுதியிருக்கேன்.

வடிவமைப்பாளர்: பக்கம் நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும். இப்ப மூணே கால். உங்க கட்டுரை இருபது வரி இடமில்லாம வெளியில தொங்குது. அந்த ஆஸ்பத்திரிப் படத்தைத் தூக்கிட்டா—

நிருபர்: படத்தை எதுக்குத் தூக்கணும்?

வடிவமைப்பாளர்: இருபத்திரண்டு வருஷப் படம் அண்ணே. அச்சுல புள்ளி புள்ளியா வரும்.

நிருபர்: போன வருஷமும் அதைத்தான் போட்டோம். அதுக்கு முந்தின வருஷமும். புள்ளியும் வரல, கோலமும் வரல.

வடிவமைப்பாளர்: போன வருஷம் நான் இங்க இல்ல.

நிருபர்: நீ வேலைக்கு வந்து மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள படத்துக்கு வைத்தியம் பாக்கறே.

வடிவமைப்பாளர்: ...இடது ஓரத்துல நிழல் வேற.

நிருபர்: நேத்து அளவு சரியில்லைன்னே. காலையில கலர் மங்கல்னே. இப்ப நிழல். இந்தப் படம் இல்லாத கிறிஸ்துமஸ் பக்கத்தை ஆசிரியர் பாத்ததே இல்ல. அதுல நடுவுல நிக்கிறாரே துணிக்கடைக்காரர், அவர் முகம் இல்லைன்னா கீழே அவர் விளம்பரமும் இல்ல. பேசாம போட்டுட்டு வேலையைப் பாரு, தங்கச்சி.

வடிவமைப்பாளர்: எனக்குப் பிடிக்கல அண்ணே. அவ்வளவுதான்.

நிருபர்: பிடிச்சதை மட்டும் போடணும்னா பேப்பர் ரெண்டு பக்கம்தான் வரும்.

வடிவமைப்பாளர்: சரி... கட்டுரையையாவது ஒரு தடவை சேந்து படிச்சிடுவோம். “மைராவில் ஒருவருக்கு மூன்று மகள்கள். வாழ்ந்து கெட்ட குடும்பம். திருமணத்துக்குக் கொடுக்க எதுவும் இல்லை...”

நிருபர்: மேல போ.

வடிவமைப்பாளர்: “...ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பொன் முடிச்சு வந்து விழுந்தது. பின்னர் இன்னொன்று. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்து, துரத்திப் போய், ஆளைப் பிடித்துவிட்டார். காலில் விழுந்தவரிடம் நிக்கோலாஸ் கேட்டது ஒன்றுதான்: என் உயிர் இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லாதே. இது கதை.” கடைசியில எதுக்கு அண்ணே ‘இது கதை’?

நிருபர்: கதைன்னா கதைன்னு சொல்லிடணும். எலும்பு வந்தது நடந்தது. பொன் முடிச்சு, ஜனங்க சொல்லிச் சொல்லி வந்தது. பரிசு விழற காலுறையும் தாத்தா இறங்கி வர்ற புகைபோக்கியும் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

வடிவமைப்பாளர்: அடுத்து துடைப்பத்துல பறக்கிற கிழவி...

நிருபர்: பெஃபானா. இத்தாலிக்காரங்க சொல்றது. மூணு ஞானிங்களும் ஏசு குழந்தையைப் பாக்கப் போறோம், வாம்மான்னு கூப்பிட்டாங்க. வீடு பெருக்கணும், வரலைன்னுட்டா. அப்புறம் மனசு அடிச்சுக்கிச்சு. எந்த வீட்டுல அந்தக் குழந்தையோன்னு தெரியாம, இன்னிக்கும் வீடு வீடா எதையாவது வச்சுட்டுப் போறாளாம்.

வடிவமைப்பாளர்: எங்க அம்மாவும் அப்படித்தான். யார் வந்து கூப்பிட்டாலும் பெருக்கி முடிச்சுட்டுத்தான் நிமிருவாங்க.

நிருபர்: ஜெர்மனிப் பக்கம் சில ஊர்ல கிறிஸ்து குழந்தையே வரும். கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேக்கும், கதவைத் திறந்தா பரிசு மட்டும் இருக்கும்.

வடிவமைப்பாளர்: ஆக, யாருமே முகம் காட்டல.

நிருபர்: அதான் தலைப்பே. “முகம் காட்டாமல் கொடுத்தவர்கள்.”

வடிவமைப்பாளர்: அந்தத் தலைப்புக்குக் கீழ ஆறு பேர் வரிசையா நின்னு முப்பத்திரண்டு பல்லையும் காட்டறாங்க.

நிருபர்: எண்ணிப் பாத்தியாக்கும்?

வடிவமைப்பாளர்: மொத்தம் நூத்தித் தொண்ணூத்திரண்டு.

நிருபர்: வாயாடி. அதுல ரெண்டு பேருக்குப் பல் செட்டு.

வடிவமைப்பாளர்: பரிசு வாங்கற அந்தச் சின்னப் பொண்ணைக் கணக்குல சேக்கல. மொட்டைத் தலை, பாதி முகத்தைப் பெட்டி மறைக்குது. கண்ணு மட்டும்தான் தெரியுது.

நிருபர்: கண்ணே சிரிக்குதுன்னு சொல்வாங்க.

வடிவமைப்பாளர்: நீங்க என்ன சொல்வீங்க?

நிருபர்: நான் அந்தப் படத்தை உத்துப் பாக்கறதில்ல.

வடிவமைப்பாளர்: போடச் சொல்வீங்க, பாக்க மாட்டீங்க.

நிருபர்: வேலையைப் பாரும்மா.

வடிவமைப்பாளர்: முதல்ல அனுப்பின பிரதியில பொல்லாத பிள்ளைங்களைப் பத்தி ஒரு பத்தி இருந்துச்சு. நிக்கோலாஸ் கூடவே கொம்பு வச்ச ஒருத்தன் பிரம்போட வருவான்... ஐஸ்லாந்துல கெட்ட பிள்ளையோட செருப்புல அழுகின உருளைக்கிழங்கு... அதை ஏன் எடுத்துட்டீங்க?

நிருபர்: இடம் போதல.

வடிவமைப்பாளர்: இருபது வரி மிஞ்சறப்போ வராத இடப் பஞ்சம், அந்த நாலு வரிக்கு வந்துடுச்சா?

நிருபர்: குழந்தைங்க படிக்கிற பக்கம். நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்கு ஒண்ணுமில்ல... அதை என் பேர்ல போட வேண்டாம்னு பாத்தேன்.

வடிவமைப்பாளர்: அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?

நிருபர்: கதவைச் சாத்து.

வடிவமைப்பாளர்: சாத்தித்தான் இருக்கு.

நிருபர்: ...அந்தப் படத்துல தாடி வச்சுக்கிட்டு நிக்கிற கிறிஸ்துமஸ் தாத்தா யாருன்னு தெரியுமா?

வடிவமைப்பாளர்: கூலிக்கு யாராவது வந்திருப்பாங்க.

நிருபர்: வர வேண்டியவன் வரல. சிவப்பு அங்கி எனக்குத்தான் பொருந்துச்சு. செய்தி எடுக்கப் போனவனைப் பிடிச்சு மாட்டிவிட்டாங்க. அப்ப நான் ஒல்லி. வார்டுல இருந்தே ஒரு தலையணையை உருவி வயித்துல கட்டினாங்க.

வடிவமைப்பாளர்: நீங்களா?

நிருபர்: எதுக்கு எந்திரிக்கறே? உக்காரு.

வடிவமைப்பாளர்: இல்ல... ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

நிருபர்: குழந்தைங்க வார்டு. நாப்பது கட்டில். நாப்பது பெட்டி, எல்லாம் பளபளக் காகிதம், ரிப்பன். முதல் பெட்டியைப் பெரிசா இருக்கேன்னு பலமாத் தூக்கினேன். கை தானா மேல போயிடுச்சு. கனமே இல்ல.

வடிவமைப்பாளர்: ம்.

நிருபர்: கடை முகப்புல அழகுக்கு அடுக்கி வைப்பாங்க பாரு, அந்த வெத்துப் பெட்டி. துணிக்கடைக்காரர் என் காதுகிட்ட வந்து, “சாமான் வண்டி தாமதம், படம் எடுத்து முடிங்க, நாளைக்கு வந்துடும்”ங்கறார். அந்தப் பக்கம் புகைப்படக்காரர், “பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி பாப்பா”ங்கறார். அந்தப் பொண்ணு அங்கேயே பிரிச்சுடுமோன்னு எனக்குப் பதட்டம். குனிஞ்சு அது காதுல...

வடிவமைப்பாளர்: “எல்லாரும் போனப்புறம் பிரி.”

நிருபர்: ...ஆமா. அதேதான். எப்படிச் சொன்னே?

வடிவமைப்பாளர்: வேற என்ன சொல்லியிருப்பீங்க. மறுநாள் வண்டி வந்துச்சா?

நிருபர்: எந்த நாளும் வரல. செய்திதான் வந்துச்சு. “நாற்பது குழந்தைகளுக்குப் பரிசு.” மேல என் பேரு.

வடிவமைப்பாளர்: மறுப்பு போட்டிருக்கலாமே.

நிருபர்: போட்டிருக்கலாம். செய்தி வந்த அன்னிக்கு மத்தியானம் வார்டு வரைக்கும் போனேன். உள்ள போகல. வாசல்ல நர்ஸம்மாகிட்ட, பிள்ளைங்க எப்படி இருக்குன்னு கேட்டேன். சிலது அழுதுச்சாம். காரணம் கேட்டா சொல்லலையாம். பெட்டியைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டு ஒண்ணும் யாருக்கும் காட்டலையாம். “ஆனா படத்துல வந்த பொண்ணுக்குப் பொம்மை கிடைச்சிருக்கு சார், நீலக் கவுன் போட்ட பொம்மை, வார்டு பூரா சொல்லிக்கிட்டிருக்கு”ன்னாங்க.

வடிவமைப்பாளர்: நம்பினீங்களா?

நிருபர்: எதுலயோ தப்பித்தவறி ஒண்ணு இருந்திருக்கும்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்னு சொல்லணும். அந்த ஒரு பொம்மையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம்... வெக்கங்கெட்டவன்.

வடிவமைப்பாளர்: அப்படிச் சொல்லாதீங்க.

நிருபர்: வேற எப்படிச் சொல்றது? என் பொண்ணுகிட்டகூட இதைச் சொன்னதில்ல. அவ சின்னதுல வருஷா வருஷம் கேப்பா, அப்பா நீங்க தாத்தா வேஷம் போடுங்கன்னு. வயித்து வலி, தலைவலின்னு எதையாவது சொல்லித் தப்பிச்சேன். நீ நிழல் நிழல்னு நச்சரிச்சதுல இன்னிக்கு வாயில வந்துடுச்சு. படத்தை எடுத்துடு.

வடிவமைப்பாளர்: ஆசிரியர்?

நிருபர்: நான் பாத்துக்கறேன். திட்டுவார். திட்டட்டும். அந்த இடத்துல நீ சொன்ன இருபது வரி போக ஒரு பத்தி நிக்குமா?

வடிவமைப்பாளர்: நிக்கும்.

நிருபர்: சொல்றேன், அடி. “இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையில் நாற்பது குழந்தைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதாக இந்த நாளிதழில் நான் எழுதிய செய்தி தவறு. பெட்டிகள் காலியாக இருந்தன. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.” அடிச்சியா?

வடிவமைப்பாளர்: “...எனக்குத் தெரியும்.” அடிச்சேன்.

நிருபர்: “ஒரே ஒரு சிறுமியின் பெட்டியில் மட்டும் ஒரு பொம்மை...” ஏன் நிறுத்திட்டே?

வடிவமைப்பாளர்: அது வேண்டாம் அண்ணே.

நிருபர்: எனக்குச் சாதகமா இருக்குன்னு பாக்கறியா? நடந்ததை எழுதணும்மா. அந்த ஒண்ணு கிடைச்சது நடந்ததுதானே?

வடிவமைப்பாளர்: நடக்கல.

நிருபர்: உனக்கெப்படித் தெரியும்?

வடிவமைப்பாளர்: அந்தப் பெட்டியும் காலிதான். ஒன்பது வயசு எனக்கு. முந்தின நாள் பக்கத்துக் கட்டில் பொண்ணோட ரப்பர் பந்தை எடுத்து ஒளிச்சு வச்சிருந்தேன். தாத்தாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் எனக்கு மட்டும் ஒண்ணுமில்லைன்னு நெனச்சேன். என்ன கிடைச்சுதுன்னு எல்லாரும் கேட்டாங்க. பொம்மைன்னு சொன்னேன்... நீலக் கவுன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் மத்த முப்பத்தொன்பது பேரும், தன் பெட்டி மட்டும்தான் காலி, தான்தான் கெட்ட பிள்ளைன்னு நெனச்சு வாயைத் திறக்கல, சில பேர் அழுதாங்க. பேசிக்கிட்டே அதை உங்க பத்திக்குக் கீழ நாலு வரியில அடிச்சு, என் பேரைப் போட்டிருக்கேன். படத்தை எடுத்தாச்சு. பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு அண்ணே.