சோறு என்று எழுதச் சொன்னேன்

அன்று காலை மாடி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ஊ ஓன் ஷ்வே. என் தங்கை டோ சான் யீ. என் மருமகள் மா வின் லே. மகன் மரம் ஏற்றிய படகோடு ஆற்றில் இருந்தான். அவனை இதில் இழுக்க வேண்டாம். ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. ஒருவரையும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

எளிய சொற்களை மக்கள் ஏன் பிழையாக எழுதுகிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நான் வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். கடினமான சொல் வந்தால் கை தயங்கும், மனம் கூடவே வரும். தண்ணீர், கதவு, அம்மா என்று எழுதும்போது மனம் எங்கோ போய்விடுகிறது. அங்கே பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் பிழை வரும். என் முடிவு அதுதான். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கோக்கு ஊரில் கல்யாணப் பத்திரிகை ஆனாலும் பகோடாவில் பதிக்கும் நன்கொடைக் கல் ஆனாலும் எங்கள் வீட்டில் காட்டாமல் யாரும் அச்சுக்கோ உளிக்கோ கொடுத்ததில்லை. தாத்தா பிழை பார்த்தார், அப்பா பார்த்தார், பிறகு நானும் தங்கையும் பார்த்தோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு முதல் எழுத்தைக் கைபிடித்து எழுதவைத்தது அவள்தான்.

போன கோடையில் குடிதண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு கல் வைத்தார்கள். அவள் பார்த்து அனுப்பிய வாசகம். பௌர்ணமி அன்று ஊரே கூடி நின்று படித்தது. தண்ணீர் என்ற சொல்லே பிழை. மறுநாள் டீக்கடை கோ பௌக் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன பெரியவரே, இப்பல்லாம் உங்க வீட்ல திருத்தக் குடுத்தா, தப்பை இலவசமா சேர்த்துக் குடுக்கறீங்களாமே?" எல்லோரும் சிரித்தார்கள். அதில் அவளிடம் படித்தவர்களும் இருந்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டில் அவளைச் சிலேட்டில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். கதவு பிழை. உப்பு பிழை. தன் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். அவளே அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னன்னு தெரியல அண்ணே. வாய்க்கு வருது, கைக்கு வரமாட்டேங்குது."

மருமகள் விடவில்லை. "அப்பா, அத்தைக்குக் காலைல எழுந்தா தலைவலி, வாந்தி. நேத்து கரண்டிய கீழ போட்டுட்டாங்க. மண்டலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"போய் என்னன்னு சொல்றது? எங்க வீட்டு டீச்சருக்கு உப்புன்னு எழுத வரலன்னா?"

"ஆமா. அதையே சொல்லலாம்."

அவள் வேறு வீட்டில் பிறந்தவள். அவளுக்குப் புரியாது.

தங்கை சகாயிங் மலைக்கு மௌனத் தியானத்துக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொன்னேன். தியானத்தில் இருப்பவர்களை யாரும் பார்க்கப் போவதில்லை. கேட்டவர்கள் கைகூப்பி "சாது, சாது" என்று வாழ்த்தினார்கள். அவள் சேர்க்கும் புண்ணியத்தில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். கொடுத்தேன்.

மாடி அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தேன். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

பாடம் எளிமையானது. ஒரே ஒரு சொல். சோறு. எங்கள் எழுத்தில் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் சொல். மேசையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் தட்டு, நடுவில் நான். பிழையில்லாமல் எழுதினால் தட்டைத் தள்ளிவிடுவேன் என்றேன். அவளுக்குப் பிடித்த புளிச்சக்கீரைக் குழம்பும் இறாலும் இருந்தன. தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன்.

முதலில் அவள் சிரித்தாள். பிறகு எழுதினாள். பிறகு அழித்து அழித்து எழுதினாள். பாவாடை நுனியால் சிலேட்டைத் துடைத்துத் துடைத்து அந்தத் துணியே வெளுத்துப்போயிற்று.

"அது சோறுதான் அண்ணே. எனக்குத் தெரியாதா? கண்ணுக்குத் தெரியுது, மூக்குக்குத் தெரியுது. கையிலதான் இல்ல."

ஒருமுறை அவள் விரல்களைப் பிடித்து நானே எழுதவைத்தேன். நன்றாக வந்தது. கையை எடுத்ததும் போய்விட்டது. என் கையால் எழுதியதற்கு அவளுக்குச் சோறு போட்டால் அது ஏமாற்று.

நாள் கணக்கு நான் வைக்கவில்லை. மருமகள் ஒருநாள் ரவிக்கைக்குள் வாழைப்பழம் மறைத்துக்கொண்டு வந்தாள். பிடுங்கிவிட்டேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சாக்கூடப் பரவால்ல அப்பா. இது பார்க்க முடியல. நான் தெருவுல போய்க் கத்துவேன்."

"கத்து. உன் புருஷன் இந்த வீட்டுப் பேரைத்தான் வெச்சுப் பொழைக்கறான்."

அவள் கத்தவில்லை. அதற்காக அவளை நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது. என் உத்தரவு அது.

முதலில் சொன்ன அந்தக் காலையில் தங்கையால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மருமகள் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். தங்கை பல்பத்தை வாங்கி ஒரு வட்டம் போட்டாள். எங்கள் எழுத்துகள் எல்லாம் வட்டத்தில்தான் தொடங்கும். வந்துவிட்டது என்று நினைத்தேன். வட்டத்துக்குள் சின்னக் குவியல் ஒன்று வரைந்தாள். மேலே இரண்டு கோடு, ஆவி பறப்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தாள்.

மருமகள் அழுதுகொண்டே சொன்னாள்: "சொல்லிட்டாங்க அப்பா. இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க?"

நான் சிலேட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். தட்டு. சோறு. நன்றாகத்தான் வரைந்திருந்தாள்.

"படம் எழுத்தாகாது" என்றேன். சிலேட்டை அழித்து அவள் முன்னால் வைத்தேன். குழம்பு ஆறிவிட்டிருந்தது. சூடுபண்ணிக்கொண்டு வரும்படி மருமகளை அனுப்பினேன். அவள் திரும்பி வந்தபோது தங்கையின் தலை சிலேட்டின் மேல் கிடந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நான் எழுப்பவில்லை.

உங்கள் டாக்டர் தலையைத் திறந்து பார்த்ததில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருந்ததாம். எழுத்து அதனால்தான் போனதாம். ஆனால் உயிர் அதனால் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் படித்தவர். நான் மறுக்கவில்லை. கதவைப் பூட்டியது நான். தட்டைத் தள்ளிவைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவளைப் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. அவளுக்கு ஒரு வேளைகூடச் சோறு வைக்காமல் இருந்ததில்லை. எல்லா வேளையும் சூடாகவே வைத்தேன்.